அலுவிகாரையில் ஒரு பங்குனிப் பகல்

மாத்தளைப் பகுதிப் பாடசாலை ஒன்றிலே கற்கும் மாணவி ஒருத்தி நமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள். "மார்ச் 21 வசந்த காலத்தின் முதல் நாள் என்று எங்கள் ஆங்கிலப் புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் ஊரில் அன்றைக்கு வசந்தம் வந்ததா, வரவில்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்பது அவள் வினா. சிறு வினாதான், ஆனால் மேசையடியில் அமர்ந்தபடியே மறுமொழி எழுதிவிட முடியாத வினா. ஆகவே அந்த நாளை அவள் ஊரிலேயே கழித்துப் பார்ப்பதென்று முடிவு செய்தோம். மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை செல்லும் வீதியில் ஏறத்தாழ 2 மைல் வடக்கே இருக்கும் அலுவிகாரையைத் தேர்ந்துகொண்டோம். அதற்குக் காரணம் உண்டு. போகப் போகச் சொல்லுவோம்.

முதலில் வசந்தத்தின் கணக்கைத் தீர்த்துவிடுவோம். நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தனர். மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். மார்ச் 21 என்பது பங்குனி 7ஆம் நாள் வாக்கில் வருவது. ஆக, ஆங்கிலப் புத்தகம் வசந்தம் என்று சொல்லும் நாளை நம் பஞ்சாங்கம் இன்னும் பனிக்காலம் என்றே சொல்லுகின்றது. இரண்டுக்கும் நடுவே நிற்கும் மாத்தளைக்காரரோ விசிறியைத் தேடுகின்றார்! பஞ்சாங்கம் பிழை என்று எண்ணிவிட வேண்டாம். பூமியின் அச்சு பம்பரத்தைப் போல மிக மெல்லத் தலை சுழற்றுகின்றது. அதனால் ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் சித்திரைப் பிறப்பும் சம இராப்பகல் நாளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டே வந்திருக்கின்றன. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் நிகழ்ந்தன. இன்று இடைவெளி 24 நாள்.

அலுவிகாரை ஏறத்தாழ வட அகலக்கோடு ஏழரைப் பாகையில் இருக்கின்றது. மார்ச் 20 அல்லது 21ஆம் தேதி அங்கே சூரியன் காலை 6.12 அளவில் நேர் கிழக்கிலே உதித்து, மாலை 6.18 அளவில் நேர் மேற்கிலே மறைகின்றது. இது சமதரைக்குச் சொல்லும் கணக்கு. மலை மறைக்கும் இடத்தில் ஒளி சற்றுப் பிந்தியே வரும். நாம் குகைகளின் முன்னே நின்றிருந்தபோதும் பாறைகளின் உச்சி பொன்னிறம் பெற்று நெடுநேரம் கழிந்த பிறகே அடிவாரத்தில் வெயில் இறங்கிற்று.

இங்கே மாணவர் ஒருவர் குறுக்கிடுவார்: "சம இராப்பகல் நாள் என்றால் பகல் 12 மணி அல்லவா இருக்க வேண்டும்? 6 நிமிடம் மிஞ்சுகிறதே!" நல்ல கேள்வி. சூரியனின் மேல் விளிம்பு தோன்றும் கணத்தையே உதயம் என்கின்றோம். மேல் விளிம்பு மறையும் கணத்தையே அத்தமனம் என்கின்றோம். அன்றியும், காற்று மண்டலம் ஒளியை வளைத்து, அடிவானத்துக்குக் கீழே இருக்கும் சூரியனையும் நம் கண்ணுக்குத் தூக்கிக் காட்டுகின்றது. இவ்விரண்டும் சேர்ந்தே அந்த 6 நிமிடத்தைத் தருகின்றன. பகலும் இரவும் உண்மையிலேயே சமமாக இருக்கும் நாள் அலுவிகாரையில் மார்ச் 4, 5ஆம் தேதிகளை ஒட்டி வந்துபோய்விடுகின்றது. இலண்டனிலே அது மார்ச் 17 வாக்கில் வரும். பூமத்திய ரேகையிலோ அப்படி ஒரு நாள் வருவதே இல்லை. ஆண்டு முழுவதும் பகலே சில நிமிடம் மிஞ்சி நிற்கும்.

மாத்தளைக்கு மிக நீண்ட பகல் ஏறத்தாழ 12 மணி 33 நிமிடம். மிகக் குறுகிய பகல் 11 மணி 41 நிமிடம். வேறுபாடு 52 நிமிடம், அதாவது இரண்டு நாழிகைக்குச் சற்று மேல். யாழ்ப்பாணத்திலே இது மூன்று நாழிகையை நெருங்கும். இலண்டனிலோ எட்டு மணி நேரத்துக்கும் அதிகம். அங்கே வசந்தம் வந்தது என்று மனிதர் ஏன் கூத்தாடுகின்றனர் என்பது இப்போது விளங்கும். இருட்டிலே கிடந்தவனுக்கு ஒளி வருவது திருவிழா. நமக்கோ ஒளி என்றும் வீட்டில் இருக்கும் பிள்ளை.

வீட்டிலுள்ள சிறுவர் சிறுமியர் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். 6 அடிக் கம்பு ஒன்றைச் செங்குத்தாக நட்டு அன்றைய நண்பகலில் நிழலை அளந்தால், மாத்தளையில் அது சுமார் ஒன்பதரை அங்குலம் இருக்கும்; வடக்கு நோக்கி விழும். நண்பகல் என்பது கடிகாரத்தின் 12 மணியன்று, அன்று 12.15 அளவிலேதான் சூரியன் உச்சி வரும். நாளுக்கு நாள் நிழல் சுருங்கும். ஏப்பிரல் 8, 9ஆம் தேதிகளில் கம்பு தன் நிழலைத் தானே விழுங்கிவிடும். அதன் பிறகு செப்டெம்பர் தொடக்கம் வரை நண்பகல் நிழல் தெற்கு நோக்கி விழும். இதற்கு ஒரு கம்பும் ஓர் அடிக்கோலும் போதும்.

கடிகாரத்தைப் பற்றி இன்னொரு சங்கதி. பழைய நாட்குறிப்பு வைத்திருப்பவர்கள் 1997 தொடக்கம் 2005 வரையுள்ள மார்ச் மாதப் பக்கங்களைப் புரட்டினால், சூரியன் 6.42க்கு உதித்ததாகக் காண்பார்கள். சூரியன் தாமதிக்கவில்லை, நாம்தான் கடிகாரத்தை நகர்த்தினோம். 1996இல் மழை பொய்த்து, நீர்மின் நிலையங்களின் நீர்த்தேக்கங்கள் வற்றின. மின்சாரத்தை மிச்சப்படுத்தவென்று அவ்வாண்டு மே மாதத்தில் நாட்டின் நேரம் ஒரு மணி முன்னே தள்ளப்பட்டது. ஒக்டோபரில் அரை மணி பின்னே இழுக்கப்பட்டது. 2006 ஏப்பிரலில்தான் பழைய நேரம் மீண்டது. "பழைய நேரமா, புதிய நேரமா?" என்று கேட்டுக்கொண்டே கல்யாண முகூர்த்தம் குறித்த வீடுகள் எத்தனை! ஒரு வறட்சி ஒரு நாட்டின் கடிகாரத்தையே பத்தாண்டுக்காலம் மாற்றி வைத்தது.

ஒளியின் கதை இவ்வளவுதான். கணக்கு அறிந்தவர் ஆயிரம் ஆண்டுக்கு முந்திய உதயத்தையும் ஆயிரம் ஆண்டுக்குப் பிந்திய அத்தமனத்தையும் நிமிட சுத்தமாகச் சொல்லிவிடுவார். ஆனால் அதே நாளில் மழை பெய்ததா என்று கேட்டுப் பாருங்கள். எந்தக் கணக்கும் விடை தராது. அன்று அங்கே ஒருவர் இருந்து, பார்த்து, எழுதி வைத்திருந்தால்தான் உண்டு.

மார்ச்சும் ஏப்பிரலும் இந்த நாட்டிலே இரு பருவப்பெயர்ச்சிக் காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலம். வடகீழ்க் காற்று ஓய்ந்திருக்கும். தென்மேல் காற்று இன்னும் புறப்பட்டிராது. காலை பளிச்சென்று விடியும். முற்பகலிலே வெப்பம் 30 பாகை செல்சியசைத் தாண்டும். சூடேறிய தரையிலிருந்து ஈரக்காற்று மேலெழும். இரு கரையிலிருந்தும் கடற்காற்று உள்நாட்டு மலைகளை நோக்கி வந்து கூடும். பிற்பகலில் முகில் கோபுரம் போல எழுந்து இடியும் மின்னலுமாகக் கொட்டும். ஆனால் எங்கே கொட்டும் என்பதுதான் கேள்வி. மாத்தளை நகரில் குடை பிடிக்கையில் அலுவிகாரையில் புழுதி பறக்கலாம். கண்டியர் நாட்டில் 1660 முதல் 1679 வரை சிறையிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலில், மலையின் ஒரு பக்கம் மழையாயிருக்க மறுபக்கம் காய்ந்து கிடப்பதையும், கண்டி நாட்டின் நடுப்பகுதியிலே அப்பிரிவு நிகழ்வதையும் வியந்து எழுதியிருக்கின்றார். மழைமானி எதுவும் அவரிடம் இல்லை. இருபது ஆண்டுக்காலம் வெளியே போக வழியின்றி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதரின் அநுபவம் அது.

இனி, அலுவிகாரையை ஏன் தேர்ந்தோம் என்பதைச் சொல்லலாம். பாளி மொழியிலே 'ஆலோக' என்றால் ஒளி. ஆலோக விகாரை என்பதே அலுவிகாரை என்று வழங்கலாயிற்று என்பர். பகலொளியைப் பற்றி எழுத இதைவிடப் பொருத்தமான பெயருடைய ஊர் எங்கே கிடைக்கும்? (அங்குள்ள ஒரு குகையில் நரக வேதனைகளைத் தீட்டி வைத்திருக்கின்றார்கள். பிள்ளைகள் அதைவிட்டு அசைய மறுப்பார்கள்; பெற்றோர் ஆயத்தமாகச் செல்வது நன்று.)

பெயர் மட்டும் காரணமன்று. கி.மு. முதலாம் நூற்றாண்டிலே வட்டகாமணி அபயன் என்னும் வலகம்பா மன்னன் அரசிழந்து மறைந்து வாழ்ந்தான். அநுராதபுரத்தைத் தமிழ்த் தலைவர் ஐவர் ஒருவர் பின் ஒருவராகப் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆண்டனர். அக்காலத்தில் பெரும் பஞ்சம் ஒன்று வந்தது. பன்னிரண்டு ஆண்டு நீடித்தது என்பது மரபு. திஸ்ஸன் என்னும் பிராமணன் செய்த கலகமும் சேர்ந்துகொண்டமையால் அவன் பெயரே அப்பஞ்சத்துக்கு நிலைத்துவிட்டது. புத்தர் உபதேசங்கள் அதுவரை ஏட்டில் இல்லை. பிக்குகளின் நெஞ்சிலே மட்டும் இருந்தன. பஞ்சத்திலே பிக்குகள் பலர் மடிந்தனர். பலர் கடல் கடந்தனர். மிஞ்சிய சிலர் கிழங்கும் இலையும் தின்று உயிர் தாங்கினர் என்றும், உட்கார வலுவில்லாதபோது மணலில் தலைசாய்த்துப் படுத்தபடியே பாடங்களை ஓதி மறதியைத் தடுத்தனர் என்றும் பாளி உரைநூல்கள் கூறுகின்றன. ஒரு நூலை முழுவதும் அறிந்தவர் ஒரே ஒரு பிக்கு என்னும் நிலைகூட வந்ததாம். அவரோ ஒழுக்கத்தில் நற்பெயர் எடுத்தவர் அல்லர். ஆயினும் வேறு வழியின்றி அவரிடமே மற்றவர்கள் கற்க வேண்டியதாயிற்று.

மன்னன் மீண்டும் அரசெய்திய பின் பிக்குகள் கூடி, இனியும் நினைவை நம்புவதற்கில்லை என்று துணிந்து, மூன்று பிடகங்களையும் எழுத்தாணி கொண்டு ஓலையில் எழுதினர். எழுதியதை மகாவம்சம் சொல்லுகின்றது. எழுதிய இடம் மாத்தளையிலுள்ள இக்குகைகளே என்பது பிற்கால நூல்களாலும் மரபாலும் அறியப்படுவது. மழையின்மை மனிதருக்கு எழுதக் கற்பித்த இடம் என்று இதனைச் சொல்லலாம். ஆயினும் ஒரு விந்தை பாருங்கள். அத்தனை பெரிய நூற்றொகுதியை எழுதிக் காத்தவர்கள், தங்களை எழுத வைத்த அந்த வறட்சியைப் பற்றி எண் ஒன்றும் விட்டுச் செல்லவில்லை. எந்த ஆண்டு எத்தனை மழை தப்பிற்று, எந்த மாதத்தில் ஆறு வற்றிற்று என்பவை அவர்களோடு போயின. அன்றைய சம இராப்பகல் நாளில் இப்பாறை மீது விழுந்த பகலின் நீளத்தை நாம் இன்று சொல்லிவிடலாம்; இன்றைய நீளமேதான். அந்த நாளின் மழையைச் சொல்ல ஆளில்லை. எழுதிய ஏடுகளும் என்றும் இருப்பன அல்ல. இங்கிருந்த நூலகம் 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கலகத்தின்போது அழிந்ததென்பர்.

இதே வீதி வழியாகத்தான், 19ஆம் நூற்றாண்டில், நம்மவர் பல்லாயிரவர் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டினூடே நூறு மைலுக்கு மேல் நடந்து, தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளையை அடைவார்கள். வழியில் நீரின்றியும் நோயாலும் விழுந்தவர்களை எண்ணி எழுதியவர் யார்? 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் அந்த ஊர்வலத்தை இன்னும் நீளச் செய்தது. மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது 1880இல். பஞ்சத்துக்கு ஓடிவந்தவர்கள் இந்தப் பாறைகளைக் கடந்து போனார்கள். இங்கேயும் முன்னொரு பஞ்சம் வரலாறு செய்தது என்பதை அவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அந்தத் தாது வருஷத்துக்கு எண் உண்டு. சென்னையிலே 1813 முதல் மழை அளந்து எழுதி வந்தார்கள். இவ்வாறு பல ஊர்களில் எழுதப்பட்ட ஏடுகளை ஒன்றுசேர்த்தே, இந்திய வானிலை ஆய்வுத்துறைத் தலைவராயிருந்த கில்பேட் வாக்கர், நம் மழைக்கும் பசிபிக் சமுத்திரத்து வளியமுக்கத்துக்கும் தொடர்பு இருப்பதை 1920களில் எடுத்துக் காட்டினார். தாது வருஷ வறட்சியின் பின்னே, தென்னமெரிக்கக் கரைக்கு அப்பால் கடல் வெப்பமுற்ற எல் நினோ நிகழ்ச்சி இருந்தது என்று இன்று சொல்ல முடிகின்றது. இலங்கையிலே கொழும்பு வானிலை ஆய்வுக்கூடம் 1907இல் அமைந்தது. தோட்டங்களிலோ துரைமார் மழைமானி வைத்துத் தினமும் அளந்து எழுதச் செய்தனர். துரை எழுதச் சொன்னார். எழுதியவர் பெரும்பாலும் கணக்கப்பிள்ளை.

யப்பானிலே கியோத்தோ நகரில் செரி மரங்கள் பூத்த நாளை அரசவையினரும் துறவிகளும் நாட்குறிப்பில் எழுதி வந்தனர். கி.பி. 812 முதல், நடுநடுவே இடைவெளி விட்டு, அக்குறிப்புகள் கிடைத்திருக்கின்றன. அவர்கள் காலநிலை ஆராய்ச்சிக்காக எழுதவில்லை. பூப்பார்க்கும் விருந்துக்காக எழுதினார்கள். ஆயினும், 2021ஆம் ஆண்டில் மரங்கள் மார்ச் 26ஆம் தேதியே முழுதும் மலர்ந்தபோது, அதுவரை கண்டவற்றுள் அதுவே மிக முந்தியது என்று சொல்ல அந்த விருந்தாளிகளின் குறிப்புகளே உதவின. நமக்கும் சித்திரைக்கு முன் முள்முருக்கு சிவப்பாய்ப் பூக்கின்றது, குயில் கூவுகின்றது. எந்த நாளில் என்று எந்த வீட்டிலேனும் எழுதி வைத்திருக்கின்றார்களா? வைத்திருந்தால் அந்த மாணவியின் வினாவுக்கு அதுவே விடை.

அலுவிகாரையிலிருந்து திரும்புகையில், அயலிலே குடியிருக்கும் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவரைக் காணச் சென்றோம். தோட்டத்து மழை ஏடுகள் கறையானுக்கும் பழைய கடதாசிக் கடைக்கும் போயினவாம். அவர் மட்டும் தம் கணக்குக்கென்று 1974 முதல் அப்பியாசக் கொப்பிகளில் ஒரு பிரதி எழுதி வைத்திருக்கின்றார். முற்றத்தில் செம்புப் புனல் பொருத்திய மழைமானி ஒன்றும் உண்டு. மார்ச் 21 என்னும் வரியை ஆண்டாண்டாகப் புரட்டினோம். சுழி, சுழி, ஓர் எண், மீண்டும் சுழி. ஒரு நாளை வைத்து ஓர் ஊரின் காலநிலையைச் சொல்லிவிட முடியாது. முப்பது ஆண்டுச் சராசரியையே உலக வானிலையாளர் அளவாகக் கொள்கின்றனர். அவர் கொப்பிகளில் முப்பது ஆண்டுக்கு மேலேயே இருக்கின்றது.

1983ஆம் ஆண்டுக் கொப்பியில் ஜூலைக் கடைசியிலிருந்து மூன்று வாரம் ஒன்றுமே எழுதப்பட்டிருக்கவில்லை. மழையில்லாத நாட்களோ என்று கேட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "சுழி போட்டிருந்தா நான் இருந்தேன், மழை இல்லேன்னு அர்த்தம்ங்க. ஒன்னுமே போடலேன்னா நானே இல்லேன்னு அர்த்தம்" என்றார். வீடு எரிந்த பின் குடும்பத்தோடு ஒரு பாடசாலையில் அகதியாக இருந்த நாட்கள் அவை. கொப்பிகளை அயல்வீட்டுச் சிங்கள மூதாட்டி ஒருத்தி அரிசிப் பானைக்குள் வைத்துக் காத்திருந்து திருப்பிக் கொடுத்தாளாம். பிற்பாடு யாரோ, அந்த இடத்தில் சுழி போட்டு நிரப்பிவிடலாமே, கணக்கு அழகாயிருக்குமே என்றார்களாம். அவர் நிரப்பவில்லை.

நாம் பேசிக்கொண்டிருக்கையில் மணி நான்கைக் கடந்தது. வடக்கே முகில் கறுத்து, ஒரு முறை இடித்து, சடசடவென்று பெய்தது. முக்கால் மணியில் ஓய்ந்துவிட்டது. மறுபடியும் வெயில் எட்டிப் பார்த்தது. அத்தமனத்துக்கு இன்னும் ஒரு மணிக்கு மேல் இருந்தது. எவ்வளவு மழை என்று அளந்து காட்டும்படி கேட்டோம். பெரியவர் மறுத்துவிட்டார். காலை எட்டரைக்குத்தான் அளப்பது வழக்கமாம். இரவில் இன்னும் பெய்தால் என்ன செய்வது என்று கேட்டார். வேண்டுமானால் விலாசத்தை எழுதிவிட்டுப் போங்கள், அறிவிக்கிறேன் என்றார். எழுதிக் கொடுத்தோம்.

நான்காம் நாள் தபாலட்டை வந்தது. 'மார்ச் 21 மாலை பெய்தது, 22 காலை அளந்தது' என்று இரண்டு தேதியும் தெளிவாக இட்டு, மழையின் அளவை மில்லிமீற்றரில் குறித்து, கீழே கையொப்பம் இட்டிருந்தார். அட்டையை அப்படியே அந்த மாணவிக்கு அனுப்பிவைத்தோம்.